சகப்பிணைப்பு பலவீனமானது என்றால் வைரம் எப்படி? (ஒன்பதாம் வகுப்பு வேதியியல்)

பெரம்பூர்_அப்பா · ஞாயிறு, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். மகள் ஒன்பதாம் வகுப்பு, மாநிலப் பாடத்திட்டம், தமிழ் வழி. வேதிப்பிணைப்புப் பாடத்துக்கு செவ்வாய்க்கிழமை வகுப்புத் தேர்வு. நோட்டில் ஓர் அட்டவணை இருக்கிறது. அயனிப் பிணைப்பு, அதாவது எதிரெதிர் மின்சுமை கொண்ட அணுக்களின் (அயனிகளின்) ஈர்ப்பு, வலிமையானது, அதனால் உருகுநிலை அதிகம். சகப்பிணைப்பு, அதாவது அணுக்கள் எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொள்ளும் பிணைப்பு, வலிமை குறைந்தது, அதனால் உருகுநிலை குறைவு. நாலு பக்கம் தள்ளிப் பார்த்தால், வைரத்தில் ஒவ்வொரு கார்பனும் நான்கு கார்பன்களோடு சகப்பிணைப்பில் இருக்கிறது, அதனால்தான் அவ்வளவு கடினம் என்று எழுதியிருக்கிறது. "ரெண்டுல எதுப்பா சரி?" என்று கேட்கிறாள். நான் பி.காம். படித்தவன். எனக்கும் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்வது போலத்தான் தெரிகிறது. யாராவது சொல்லுங்கள்.

டியூஷன்_வாத்தியார் · ஞாயிறு, இரவு 9:58

வைரம் விதிவிலக்கு சார். கிராஃபைட்டும் அப்படித்தான். தேர்வில் "வேறுபடுத்துக" என்று கேட்டால் அந்த அட்டவணையை அப்படியே எழுதட்டும், முழு மதிப்பெண் வரும். ரொம்ப யோசித்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

லேப்கோட் · ஞாயிறு, இரவு 10:35

வாத்தியார் சார் மன்னிக்கணும், இதை விதிவிலக்கு என்று ஒதுக்க முடியாது. வைரம் மட்டும் என்றால் போகட்டும் என்று விடலாம். மெரினாவில் காலில் ஒட்டும் மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ், அதாவது சிலிக்கான் டைஆக்சைடு. அதுவும் சகப்பிணைப்புதான், உருகுநிலை சுமார் 1700 டிகிரி. உப்புத்தாளில் ஒட்டியிருக்கும் சிலிக்கான் கார்பைடு, அதுவும் சகப்பிணைப்பு. தூய சிலிக்கான் 1414 டிகிரியில் உருகும். சாப்பாட்டு உப்பு 801 டிகிரியிலேயே உருகிவிடுகிறது. விதியைவிட விலக்கு பெரிதாகிவிட்டால் விதியைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

பெரம்பூர் அப்பா, உங்கள் மகள் கேட்டது சரியான கேள்வி. அட்டவணையில் உருகுநிலை பற்றிய பகுதி பெரும்பாலும் சரி. "அதனால்" என்ற சொல்லுக்கு முன்னால் இருக்கும் காரணம்தான் தவறு.

ஒரு பொருள் உருகும்போது அதில் எது பிரிகிறது? இதைக் கேட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது. பூஜை அறையில் இருக்கும் சூடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். திறந்து வைத்தால் தானாகவே கரைந்து காற்றில் போகிறது. அறையெங்கும் வருவது சூடத்தின் வாசனைதான். அதாவது காற்றில் பறப்பது முழுசான சூடம் மூலக்கூறு. அதற்குள்ளே இருக்கும் கார்பன்-கார்பன், கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்பில் ஒன்றுகூட உடையவில்லை. உடைந்திருந்தால் அது சூடமாகவே இருக்காது, வாசனையும் மாறியிருக்கும். பிரிந்தது ஒரு மூலக்கூறுக்கும் பக்கத்து மூலக்கூறுக்கும் இடையே இருந்த ஈர்ப்பு. அது சின்ன விசை. சகப்பிணைப்பு வேறு, இது வேறு.

கோயம்பேட்டில் வெங்காய மூட்டையைப் பிரித்துக் கொட்டுவதற்கும் வெங்காயத்தை நறுக்குவதற்கும் உள்ள வித்தியாசம் இது. மெழுகு உருகும்போது மூட்டைதான் பிரிகிறது.

எண்ணிலும் பார்க்கலாம். 18 கிராம் தண்ணீரை, அதாவது ஒரு மோலை, 100 டிகிரியில் ஆவியாக்க சுமார் 41 கிலோஜூல் போதும். அதே 18 கிராமின் ஓ-ஹெச் சகப்பிணைப்புகளை எல்லாம் உடைத்துத் தனித்தனி அணுவாக்க 920 கிலோஜூலுக்கு மேல் வேண்டும். இட்லிப் பானையில் வருவது நீராவி; ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் அல்ல. நல்லவேளை, அது வந்தால் சமையலறை இருக்காது.

வைரத்திலும் மணலிலும் தனித்தனி மூலக்கூறு என்பதே கிடையாது. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சகப்பிணைப்பாகவே ஓடுகிறது. அங்கே உருக்க வேண்டுமென்றால் அந்தப் பிணைப்பைத்தான் உடைத்தாக வேண்டும். அப்போதுதான் சகப்பிணைப்பின் உண்மையான பலம் தெரியும்.

பதினொண்ணு_பி · ஞாயிறு, இரவு 10:51

மேடம், அப்போ சர்க்கரை? அதுவும் மூலக்கூறுதானே. ஆனால் சூடாக்கினால் கருகி வாசனையே மாறிவிடுகிறதே?

லேப்கோட் · ஞாயிறு, இரவு 11:02

நல்ல பிடி தம்பி. அதனால்தான் சர்க்கரையை உதாரணமாகச் சொல்லவில்லை. சர்க்கரை மூலக்கூறில் ஓ-ஹெச் தொகுதிகள் நிறைய இருப்பதால் பக்கத்து மூலக்கூறோடு ஹைட்ரஜன் பிணைப்புகளும் நிறைய. அதைப் பிரிக்கும் அளவுக்குச் சூடேற்றினால், 186 டிகிரியை ஒட்டி, உள்ளே இருக்கும் சகப்பிணைப்பும் சேர்ந்தே உடைய ஆரம்பிக்கிறது. உருகுவதும் சிதைவதும் கலந்துவிடும். பாடத்துக்கு மெழுகு, சூடம், அந்துருண்டை மூன்றும் சுத்தமான உதாரணங்கள்.

அம்பத்தூர்_வார்ப்பு · திங்கள், காலை 6:20

நான் வார்ப்படப் பட்டறையில் இருபது வருஷம். வேதியியல் தெரியாது, ஆனால் மேடம் சொன்ன மணல் விஷயத்தை தினமும் பார்க்கிறேன். எங்கள் இண்டக்‌ஷன் ஃபர்னஸுக்கு உள்பூச்சு சிலிக்கா ராம்மிங் மாஸ்தான், குவார்ட்ஸ் பொடி. அதற்குள்ளே இரும்பு 1400 டிகிரிக்கு மேல் குழம்பாகக் கொதித்துக்கொண்டு நிற்கும், பூச்சு அசையாது. சில ஸ்டீல் வகைகளுக்கு மட்டும் மேக்னசைட் பூச்சு போடுவோம்.

லேப்கோட் · திங்கள், காலை 7:05

இதைவிட நல்ல உதாரணம் எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது, நன்றி சார். சாப்பாட்டு உப்பின் கொதிநிலையே 1465 டிகிரிதான். "பலவீனமான" சகப்பிணைப்பு உலையைத் தாங்கி நிற்கிற அதே சூட்டில் "வலிமையான" அயனிப் பிணைப்பு கிட்டத்தட்ட ஆவியாகத் தயாராகிவிடும்.

நீங்கள் சொன்ன மேக்னசைட் பூச்சில் இருப்பது மெக்னீசியம் ஆக்சைடு. அது அயனிச் சேர்மம், உருகுநிலை 2850 டிகிரியை ஒட்டி. உப்பில் +1, −1 மின்சுமைகள். இதில் +2, −2. மின்சுமைகளைப் பெருக்கினால் நான்கு மடங்கு. அயனிகளும் இன்னும் நெருக்கமாக உட்கார்ந்திருக்கின்றன. ஆக அயனிப் பிணைப்புக்குள்ளேயே இவ்வளவு ஏற்ற இறக்கம்.

பதினொண்ணு_பி · திங்கள், காலை 7:30

சரி மேடம், ஒரே ஒரு பதில் வேண்டும். அயனிப் பிணைப்பு பலமா, சகப்பிணைப்பு பலமா?

லேப்கோட் · திங்கள், காலை 7:48

ஒரு மோல் சோடியம் குளோரைடை வாயு நிலை அயனிகளாகப் பிரிக்க 787 கிலோஜூல். ஒரு மோல் கார்பன் கொண்ட வைரத்தைத் தனி அணுக்களாகப் பிரிக்க சுமார் 715. இரண்டும் ஒரே தரம். பந்தயம் வைத்தால் ஜெயிப்பது எது என்பது எந்தச் சேர்மத்தை நிறுத்துகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பள்ளிக்குக் கிளம்பு.

டியூஷன்_வாத்தியார் · திங்கள், மதியம் 1:15

மேடம் சொல்வது அறிவியலாகச் சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என்னிடம் ஒரு பேட்ச்சில் முப்பது பேர். இரண்டு மதிப்பெண் கேள்விக்கு கிலோஜூல் கணக்கெல்லாம் எழுத முடியாது. விடைக் குறிப்பில் இருக்கும் சொல் விடைத்தாளில் இருந்தால்தான் மதிப்பெண். இன்னொன்று, இப்படி ஒவ்வொன்றையும் தவறு என்று சொல்லிக்கொண்டே போனால் அடுத்தது எண்ம விதியும் (அணுவின் வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான் வேண்டும் என்பது) தவறு என்பீர்கள்.

லேப்கோட் · திங்கள், மாலை 4:30

சார், மதிப்பெண் பயம் நியாயமானது. அதனால் உண்மையாகவும் இருந்து மதிப்பெண்ணும் வாங்கித் தரும் ஒரு வரி தருகிறேன்: "எளிய சகப்பிணைப்புச் சேர்மங்களில் மூலக்கூறுகளுக்கு இடையேயான ஈர்ப்பு விசை குறைவு, எனவே உருகுநிலை குறைவு." விடைக் குறிப்போடு மோதாது. "எளிய" என்ற சொல் வைரத்தையும் மணலையும் வெளியே நிறுத்திவிடும். நீளமும் கிட்டத்தட்ட அதே நீளம்தான்.

எண்ம விதியை நீங்களே இழுத்துவிட்டீர்கள், அதனால் அதையும் சொல்லிவிடுகிறேன். 1916இல் ஜெர்மனியில் கோசலும் அமெரிக்காவில் லூயிசும் தனித்தனியாக இந்தப் பாதையில் யோசித்தார்கள். புள்ளி போட்டுக் கணக்குப் பார்க்க அருமையான கருவி. கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன், ஃப்ளூரினுக்கு அனேகமாகப் பொய்க்காது. போரான் ட்ரைஃப்ளூரைடில் போரானைச் சுற்றி 6தான், சல்ஃபர் ஹெக்சாஃப்ளூரைடில் சல்ஃபரைச் சுற்றி 12 போட வேண்டும். அது பெரிய குறையில்லை. எனக்கு உறுத்துவது வேறு. "சோடியம் ஓர் எலக்ட்ரானைக் கொடுக்க விரும்புகிறது, குளோரின் வாங்க விரும்புகிறது, அதனால் உப்பு உருவாகிறது" என்கிற கதை.

சோடியம் அணு எதையும் சும்மா கொடுப்பதில்லை. ஒரு மோல் சோடியம் அணுக்களிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்க 496 கிலோஜூல் செலவு. குளோரின் அணுக்கள் அதை வாங்கும்போது 349தான் திரும்பக் கிடைக்கும். 147 கிலோஜூல் நஷ்டம். விருப்பத்தை மட்டும் நம்பியிருந்தால் உப்பே உருவாகியிருக்காது. அயனிகள் ஒன்றாக அடுக்கி உட்காரும்போது வெளிவரும் 787 கிலோஜூல்தான் கணக்கை லாபமாக்குகிறது. ஒவ்வொரு சோடியம் அயனியைச் சுற்றியும் 6 குளோரைடு, ஒவ்வொரு குளோரைடைச் சுற்றியும் 6 சோடியம். இதில் எந்தக் குளோரைடு எந்தச் சோடியத்தின் ஜோடி? யாருக்கும் ஜோடி கிடையாது. திட உப்பில் "சோடியம் குளோரைடு மூலக்கூறு" என்று ஒன்றைத் தேடினால் கிடைக்காது. இந்த அடுக்கை 1913இல் பிராக் தந்தையும் மகனும் எக்ஸ் கதிர் வைத்துக் கண்டுபிடித்தார்கள். 1915இல் நோபல் பரிசு.

அப்புறம், கோவளம், மரக்காணம் பக்கம் ஈசிஆரில் போகும்போது உப்பளம் பார்த்திருப்பீர்கள். அங்கே சோடியம் உலோகமும் இல்லை, குளோரின் வாயுவும் இல்லை. கடல் நீரில் ஏற்கெனவே அயனிகளாக நீந்திக்கொண்டிருந்தவை, தண்ணீர் வற்றியதும் அடுக்கிக்கொள்கின்றன. எலக்ட்ரான் கொடுக்கல் வாங்கல் எதுவும் அங்கே நடப்பதில்லை. பிணைப்பு என்பது எதிரெதிர் மின்சுமைகளின் ஈர்ப்பு. எலக்ட்ரான் மாறியது அதற்கு முந்தைய கதை.

ஆர்ஓ_சர்வீஸ் · திங்கள், இரவு 8:10

கடல் நீர் என்றதும் வந்தேன். தினமும் பத்து வீட்டுக்கு டிடிஎஸ் மீட்டரோடு (தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் மீட்டர்) போகிற ஆள் நான். குழந்தைகளுக்கு ஒரு வேடிக்கை காட்டுவேன். ஒரு டம்ளர் ஆர்ஓ தண்ணீரில் மீட்டரை விட்டால் 30, 40 காட்டும். ஒரு ஸ்பூன் சர்க்கரை போட்டுக் கலக்கினால் எண் அனேகமாக அசையாது. இன்னொரு டம்ளரில் ஒரு சிட்டிகை உப்பு போட்டதும் சர்ரென்று ஏறிவிடும். ஒரு லிட்டருக்கு ஒரு கிராம் உப்பு போட்டால் ஆயிரத்தை ஒட்டிக் காட்டும். திருவான்மியூர் பக்கம் சில போர் தண்ணீருக்கு உப்பே போட வேண்டாம்!

லேப்கோட் · திங்கள், இரவு 8:25

பிரமாதம். பெரம்பூர் அப்பா, இதை வீட்டிலேயே செய்து காட்டுங்கள். அந்த மீட்டர் பெயருக்குத்தான் கரைந்ததை எல்லாம் அளக்கிறது. உண்மையில் அது அளப்பது மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதை. உப்பு கரைந்தால் அயனிகள் தனித்தனியாகப் பிரிந்து ஓடுகின்றன, மின்சாரத்தைச் சுமக்கின்றன. சர்க்கரை கரைந்தாலும் முழு மூலக்கூறாகவே மிதக்கிறது. மின்சுமை இல்லை, எனவே மீட்டருக்கு அது கண்ணில் படுவதில்லை. ஸ்பூன் சுத்தமாக இருக்கட்டும், கையில் இருக்கும் வியர்வை உப்பே எண்ணை ஏற்றிவிடும்.

பல்லாவரம்_தோல் · திங்கள், இரவு 9:15

இழையை முழுவதும் படித்தேன். ஈதல் சகப்பிணைப்பைப் பற்றி, அதாவது பகிரும் இரண்டு எலக்ட்ரான்களையும் ஒரே அணு தரும் பிணைப்பைப் பற்றி, ஒருவரும் பேசவில்லையே. பாடத்தில் அதற்கு அமோனியாவையும் போரான் ட்ரைஃப்ளூரைடையும் தாண்டி உதாரணம் சொல்வதில்லை. அதனால் பிள்ளைகள் அது புத்தகத்தில் மட்டும் வாழும் பிணைப்பு என்று நினைக்கிறார்கள். குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்ததே குரோம் லெதர் கம்பெனியால்தான். நம் காலில் கிடக்கும் ஷூவிலேயே அந்தப் பிணைப்பு இருக்கிறது.

பச்சைத் தோலை வெந்நீரில் போட்டால் 60 டிகிரியைத் தாண்டியதும் சுருண்டுவிடும். தோல் என்பது கொலாஜன். மூன்று இழைகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்ட கயிறு. ஒவ்வோர் இழைக்குள்ளும் சகப்பிணைப்பு. இழைக்கும் இழைக்கும் இடையே ஹைட்ரஜன் பிணைப்பு. சூட்டில் ஹைட்ரஜன் பிணைப்பு விட்டுக்கொடுக்கிறது, கயிறு பிரிகிறது, தோல் சுருங்குகிறது. ஆட்டுக்கால் பாயாவை ஃப்ரிட்ஜில் வைத்தால் கெட்டியாகிறதே, அது இப்படிப் பிரிந்த கொலாஜன்தான், ஜெலட்டின்.

குரோமியம் சல்ஃபேட்டில் பதனிட்டால் கதை மாறுகிறது. கொலாஜனில் இருக்கும் கார்பாக்சில் தொகுதியின் ஆக்சிஜன், தன்னிடம் உள்ள எலக்ட்ரான் இரட்டையைக் குரோமியம் அயனிக்குத் தருகிறது. அதுதான் ஈதல். ஒரு குரோமியம் கூட்டம் இப்படிப் பல இடங்களில் பிடித்துக்கொண்டு பக்கத்துப் பக்கத்து இழைகளைக் கட்டிவிடுகிறது. வெட் ப்ளூ நிலைக்கு (குரோமியம் ஏறி நீலமாக, ஈரமாக இருக்கும் தோல்) வந்ததும் ஷெட்டில் பாயில் டெஸ்ட் செய்வோம். ஒரு துண்டைக் கொதிக்கும் நீரில் போட்டு எடுத்தால் சுருங்கக் கூடாது. ஆவாரம் பட்டையில் பதனிட்ட தோல் இந்தச் சோதனையில் நிற்காது. அங்கே பிடிப்பு பெரும்பாலும் ஹைட்ரஜன் பிணைப்பு வழியாக. 80 டிகிரியை ஒட்டியே சுருங்கிவிடும்.

இன்னொரு விஷயம், நம் ஊர்ப் பெருமைக்காகவே சொல்கிறேன். அந்த மூன்று இழைக் கயிறு என்ற அமைப்பைச் சொன்னது ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கார்த்தாவும், 1954இல், சென்னைப் பல்கலைக்கழகத்தில். ஆய்வுக்கு எடுத்த கொலாஜன் கங்காரு வால் தசைநார். அதைக் கொடுத்தது அடையாறில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம். கிண்டி வளாகத்துக்குப் பக்கத்து இடம்தான்.

டியூஷன்_வாத்தியார் · திங்கள், இரவு 9:40

பாயாவையும் ஷூவையும் ஒரே பதிவில் படிப்பேன் என்று நினைக்கவில்லை சார். உதாரணத்தை எடுத்துக்கொள்கிறேன். மேடத்தின் "எளிய" வரியையும் இன்று பேட்ச்சில் எழுதிப் போட்டுவிட்டேன். ஒரு பையன் உடனே கேட்டான், அப்போ உலோகமும் அலோகமும் சேர்ந்தால் எப்போதும் அயனிப் பிணைப்பு, இதாவது உறுதியாகச் சரியா என்று. ஆமாம் என்று சொல்லலாமா?

லேப்கோட் · திங்கள், இரவு 10:05

"பெரும்பாலும்" என்று சொல்லுங்கள். டைட்டானியம் உலோகம், குளோரின் அலோகம். டைட்டானியம் டெட்ராகுளோரைடு நிறமில்லாத திரவம், 136 டிகிரியில் கொதித்துவிடும். மூலக்கூறுச் சேர்மத்தின் குணம் அப்படியே இருக்கிறது. சின்ன நேர் அயனிக்கு மின்சுமை அதிகமானால் அது எதிர் அயனியின் எலக்ட்ரான் மேகத்தைத் தன் பக்கம் இழுத்துக் கோணலாக்கும், அப்போது சகப்பிணைப்புத் தன்மை கூடும். பாடத்தில் ஃபஜான் விதி என்று இருப்பது இதுதான். அயனி, சகம் என்பவை இரண்டு பெட்டிகள் அல்ல, ஒரே கோட்டின் இரண்டு முனைகள்.

பதினொண்ணு_பி · திங்கள், இரவு 10:12

கிராஃபைட் பாக்கி இருக்கிறது மேடம். அது சகப்பிணைப்பு வலைதானே, ஏன் பேப்பரில் தேய்ந்து போகிறது?

லேப்கோட் · திங்கள், இரவு 10:30

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. வைரத்தில் இரண்டு கார்பன்களுக்கு இடையே 154 பிக்கோமீட்டர். கிராஃபைட்டின் ஒரு தளத்துக்குள் 142தான். நீளம் குறைந்தால் பிணைப்பு வலுவானது. ஆக கிராஃபைட்டின் தளத்துக்குள் இருக்கும் பிணைப்பு வைரத்தின் பிணைப்பைவிட உறுதி! ஆனால் ஒரு தளத்துக்கும் அடுத்த தளத்துக்கும் இடையே 335 பிக்கோமீட்டர் இடைவெளி. அங்கே இருப்பது பலவீனமான ஈர்ப்பு மட்டும். பென்சிலில் எழுதும்போது தளங்கள் பிரிந்து தாளில் ஒட்டுகின்றன, தளம் கிழிவதில்லை. (பென்சிலில் களிமண்ணும் கலந்திருக்கும், அது வேறு கதை.) 2004இல் மான்செஸ்டரில் கெய்மும் நோவோசெலோவும் ஒட்டும் டேப்பை வைத்தே ஒற்றைத் தளத்தைப் பிரித்தெடுத்தார்கள். அதுதான் கிராஃபீன், 2010இல் நோபல்.

பெரம்பூர்_அப்பா · செவ்வாய், இரவு 8:50

எல்லோருக்கும் நன்றி. தேர்வு முடிந்தது. "எளிய" வரியைத்தான் எழுதினாளாம். மீட்டர் வேடிக்கையும் பார்த்தாயிற்று. இப்போது புதுக் கேள்வி: கல் உப்பைச் சுத்தியலால் தட்டினால் நொறுங்குகிறது, அலுமினியக் கம்பியைத் தட்டினால் தட்டையாகிறது, இரண்டிலும் அணுக்கள் ஒழுங்காகத்தானே அடுக்கியிருக்கின்றன என்கிறாள்.

லேப்கோட் · செவ்வாய், இரவு 9:20

உப்பில் ஓர் அடுக்கு ஓர் இடம் நகர்ந்தாலே நேர் அயனிக்கு நேராக நேர் அயனி, எதிருக்கு எதிர் வந்துவிடும். ஒன்றையொன்று தள்ளும், அந்தத் தளத்தில் பிளந்துகொள்ளும். உடைந்த துண்டை லென்ஸில் பார்க்கச் சொல்லுங்கள், நேரான விளிம்புகள் தெரியும். அலுமினியத்தில் நேர் அயனிகளுக்கு நடுவே எலக்ட்ரான்கள் எல்லோருக்கும் பொதுவாக ஓடுகின்றன. அடுக்கு நகர்ந்தாலும் எலக்ட்ரான்கள் கூடவே வந்து பிடித்துக்கொள்ளும். அதனால் நொறுங்காமல் வளைகிறது. உப்பைத் தட்டும்போது மேலே ஒரு துணியைப் போர்த்திக்கொள்ளட்டும், சில்லு கண்ணில் தெறிக்கும்.